கீரி கொடுத்த நான்கு வாக்கு

கோடை வந்தால் பாதிக்கு மேல் காலியாகிவிடும் ஒரு காட்டில் கீரி ஒன்று இருந்தது. யாரிடமும் "முடியாது" என்று சொல்ல அதற்கு வராது. எதைக் கேட்டாலும் "ஆகட்டும்!" என்று சொல்லிவிட்டு ஓடும். அதனாலேயே எல்லோருக்கும் அதைப் பிடிக்கும்.

ஒரு நாள் அந்தக் காட்டின் தலைவி யானையம்மா எல்லா விலங்குகளையும் கூட்டியது.

"போன கோடையில் மான்கள் பக்கத்துக் காட்டுக்குப் போயின. தேனீக்கள் போயின. குரங்குகளும் போயின. திரும்பி வந்தவை பாதிதான். இப்படியே போனால் கடைசியில் நானும் என் நிழலும்தான் மிஞ்சுவோம். காட்டை வளர்க்க நமக்கு ஒரு வளர்ச்சி அதிகாரி வேண்டும். மழைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. நாளை தேர்தல். அதற்குப் பிறகு பத்து நாள், அதிகாரி சொல்லும் வேலையை எல்லோரும் செய்வோம். யாருக்கு விருப்பம்?"

மயில் தோகையை விரித்தபடி முன்னால் வந்தது. "நான் ஆட்ட விழா நடத்துவேன். பத்துக் காட்டிலிருந்து பார்க்க வருவார்கள்!"

"வந்தவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்?" என்று யானையம்மா கேட்டது.

மயில் தோகையை மடக்கிக்கொண்டது.

அடுத்து நரி வந்தது. "பெரிய ஆள் ஒருவரை இங்கே குடியேற்ற வேண்டும். ஆற்று முதலையாரிடம் பேசிவிட்டேன். நம் குளத்தை அவருக்கே கொடுத்துவிட்டால் உடனே வருவார். அவர் வந்தாலே காட்டுக்குப் பெயர்தான்!"

"அவர் இருக்கும்போது நாங்கள் எப்படித் தண்ணீர் குடிப்பது?" என்று மான் கேட்டது.

"அது... அவரோடு பேசிக்கொள்ளலாம்," என்று நரி இழுத்தது. மான்கள் நான்கடி பின்னால் நகர்ந்தன.

"நானும் நிற்கிறேன்!" என்று கீரி துள்ளிக் குதித்தது. அப்போது அது வேறு எதுவும் பேசவில்லை. சாயங்காலம்தான் வேலையைத் தொடங்கியது.

முதலில் கரடியின் குகைக்கு ஓடியது. "தேனீக்கள் திரும்பி வர வேண்டும், தம்பி. சரிவு முழுவதும் பூச்செடி வை," என்றது கரடி.

"ஆகட்டும் அண்ணே! உங்கள் வேலைதான் முதல் வேலை."

காட்டுப்பன்றி கிழங்குத் தோட்டம் கேட்டது. குரங்கு நாவல் கன்றுகள் கேட்டது. மான், புல்வெளியில் மண்டிய முள்ளை வெட்டச் சொன்னது. கீரி மூன்று பேரிடமும் அதையேதான் சொன்னது: "உங்கள் வேலைதான் முதல் வேலை."

மறுநாள் தேர்தல். கீரி பெயரைச் சொன்னதும் காடே வாலைத் தூக்கி ஓட்டுப் போட்டது. கரடிக்கு இருக்கும் சின்ன வாலைத் தேடிப் பிடித்துத் தூக்குவதற்குத்தான் கொஞ்சம் நேரமானது.

பிறகு என்ன நடந்தது தெரியுமா, பிள்ளைகளே? அடுத்த நாள் விடிந்ததும் கீரியின் வளைக்கு முன்னால் நான்கு பேரும் வந்து நின்றார்கள்.

"என் வேலைதானே முதல்?"

"ஆகட்டும்! நான்கையும் சேர்த்தே தொடங்கிவிடுவோம்," என்றது கீரி.

காட்டுப்பன்றி கிழங்குக்காகத் தோண்டிய இடம் மானின் புல்வெளியில் பாதி. தோண்டிய குழியைப் பார்த்த குரங்குகள் 'நமக்காகத்தான்' என்று நாவல் கன்றுகளை நட்டன. பன்றி அவற்றைப் பிடுங்கி எறிந்தது. கரடி நட்ட பூச்செடிகளை, பசி தாங்காத மான்குட்டி ஒன்று வரிசையாக மேய்ந்துவிட்டது. ஆறாம் நாள் ஆனபோது ஒரு வேலையும் முடியவில்லை. சண்டை மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

"எங்கே அந்த அதிகாரி?" என்று கரடி உறுமியது.

கீரி குளத்தங்கரைத் தாழம்புதருக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. 'பேசாமல் பக்கத்துக் காட்டுக்கு ஓடிவிட்டால் என்ன?' என்று நினைத்தபோது, அதன் மூக்கின் முன்னால் ஆமை ஒன்று மெல்ல நகர்ந்து போனது.

"எங்கே போகிறாய்?" என்று கீரி கேட்டது.

"பக்கத்துக் காட்டுக்கு. கோடையில் அங்கே இருக்க வேண்டுமானால் நான் இப்போதே கிளம்ப வேண்டும்."

"மழையே இன்னும் வரவில்லை. அதற்குள் கோடைக்கு என்ன கவலை?"

"நீ உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்."

கீரி குனிந்து பார்த்தது. புதருக்குள் குளத்தின் கரை ஓர் ஆள் உயரத்துக்கு உடைந்து கிடந்தது.

"எவ்வளவு மழை பெய்தாலும் இந்த வழியாக ஓடிவிடும்," என்றது ஆமை. "மாசியிலேயே குளம் வற்றிவிடுகிறது."

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீ என் வீட்டுப் பக்கம் வரவே இல்லையே. நான் ஓட்டுப் போட நடந்து வருவதற்குள் தேர்தலும் முடிந்துவிட்டது."

கீரி அந்த உடைப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தது. பிறகு புதரைவிட்டு வெளியே வந்து நேராக யானையம்மாவிடம் ஓடி, கூட்டத்தைக் கூட்டச் சொன்னது.

"நான்கு பேருக்கும் முதல் வேலை என்று சொன்னேன்," என்று எல்லோர் முன்னாலும் கீரி சொன்னது. "அது பொய். நால்வரில் யாருடைய வேலையும் இந்த வருடம் நடக்காது. முடியாது."

கூட்டம் கொதித்தது. "ஏமாற்றுக்காரன்! இவனை உடனே நீக்குங்கள்!" என்று கரடி கத்தியது.

"நீக்குங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன கோடையில் நீங்கள் காட்டைவிட்டு எப்போது கிளம்பினீர்கள்?"

"குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போன அன்று," என்றது மான்.

"அன்றுதான் நாங்களும்," என்றது குரங்கு.

"தேனீக்கள் போனதும்..." என்று தொடங்கிய கரடி சட்டென்று நிறுத்தியது. "குளம் வற்றிய வாரம்தான்."

"சேறு காய்ந்த பிறகு எனக்கு இங்கே என்ன வேலை?" என்று பன்றி முணுமுணுத்தது.

"குளத்தங்கரை உடைந்திருக்கிறது. நமக்கு இருப்பது நான்கு நாள். அதை மட்டும் அடைப்போம்," என்றது கீரி.

யானையம்மா எழுந்து, பக்கத்தில் கிடந்த பாறையைத் தும்பிக்கையால் உருட்டிக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தது. காடே அதன் பின்னால் போனது.

பன்றி களிமண் தோண்டியது. குரங்குகள் கொடிகளால் கழிகளைக் கட்டின. மான்கள் மண்ணை மிதித்தன. கரடி கரைமேல் உருண்டு உருண்டு அதை இறுக்கியது. மயில் ஆடியது, களைத்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பத்தாம் நாள் மாலை கடைசிக் கல்லை வைத்தபோது முதல் துளி விழுந்தது.

அடுத்து வந்த கோடையில் ஒரு விலங்குகூடக் காட்டைவிட்டுப் போகவில்லை. பங்குனியில் பக்கத்துக் காட்டுத் தேனீக்கள் இடம் கேட்டு வந்தன.

அடுத்த மழைக்கு முன்னால் கரடி கீரியைத் தேடி வந்தது. "என் பூச்செடி எத்தனையாவது வேலை, தம்பி?"

"இரண்டாவது, அண்ணே. முதலில் மான்களின் முள்."

கரடி கொஞ்ச நேரம் முறைத்தது. பிறகு, "இரண்டாவது என்றால் இரண்டாவதுதானே?" என்று கேட்டது.

"இரண்டாவதேதான்."

கரடி வாயெல்லாம் பல்லாக, முள் வெட்டப் போனது.

நீதி: எல்லோருக்கும் முதலிடம் என்பவரால் எந்த வேலையும் முடியாது, எது முதலில் என்று துணிந்து சொல்பவரே ஊரை வளர்ப்பார்.