வேங்கை மரத்துக் கொடிகள்

மலையடிவாரத்தில் இருந்த ஒரு மடத்துக்கு உலகம்மை என்பவர் குருவாக இருந்தார். மடத்தை ஒட்டிய காடு ஐந்து ஊருக்குப் பொது. எந்த மரத்தை வெட்டலாம், எதை விட வேண்டும் என்று ஊர்க்காரர்களே கூடிப் பேசி ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடைக்கரையில் கோடரி வைப்பதில்லை. விதை கொடுக்கும் தாய்மரத்தைத் தொடுவதில்லை. வெட்டப்போகும் மரத்தில் கொடி ஏறியிருந்தால், முதலில் கொடியை அறுத்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் காவலும் கிடையாது, அபராதமும் கிடையாது.

சடையப்பருக்குப் பிடிக்காதது இதுதான். சீடர்களில் மூத்தவர் அவர். வயதில் உலகம்மைக்குத் தகப்பன் போல. மடத்துக்கு வருமுன் அரண்மனையில் மர அதிகாரியாக இருந்தவர். சவுக்கு பிடித்துப் பழகிய கை அவ்வளவு சீக்கிரம் சும்மா இருந்துவிடுமா?

ஒருநாள் கேட்டேவிட்டார்.

“தாயே, தண்டனை இல்லாத விதியை யார் மதிப்பார்கள்?”

“நீங்கள் மதிப்பீர்களா?”

“என் பேச்சு எதற்கு? நான் ஊர்க்காரர்களைச் சொல்கிறேன்.”

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அடுத்த கட்டை எடுத்துப் பிரித்தார்.

அந்த வைகாசியில், நோயாளிகள் படுக்கும் கூடத்தின் உத்திரம் முறிந்து கூரை உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி படவில்லை. ஆனால் ஏழெட்டுப் பேர் காய்ச்சலோடு கிடந்தார்கள், மழையோ இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது.

“காட்டில் ஒரு வேங்கை நிற்கிறது,” என்றார் சடையப்பர். “நமக்கென்றே அளவெடுத்து வளர்ந்தது மாதிரி. கொடிதான் மண்டிக் கிடக்கிறது.”

“கொடியை அறுத்துவிட்டு வாருங்கள். இந்த மழை கழிந்ததும் வெட்டலாம்.”

“அதுவரை?”

“மூங்கிலை முட்டுக்கொடுத்துக் கீற்றுப் போடுவோம். முடியாதவர்களை என் அறைக்கு மாற்றுங்கள். நான் இங்கே கீற்றடியில் படுத்துக்கொள்கிறேன்.”

சடையப்பருக்கு மனசு ஒப்பவில்லை. கூப்பிடு தூரத்தில் மரம் நிற்க, குரு நனைவதா?

மறுநாள் காலையில் இரண்டு சீடர்களோடு போய்க் கொடிகளை அறுத்தார். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்று விடாமல் அடியோடு அறுத்தார். மத்தியானம் மரத்தில் கோடரி போட்டார். அறுக்கச் சொன்னார்கள், அறுத்தாயிற்று. பொறுப்பதெல்லாம் சும்மா சம்பிரதாயம் என்பது அவருடைய எண்ணம். மரத்தை நினைத்த பக்கம் சாய்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

நினைத்த பக்கமேதான் சாய்ந்தது. ஆனால் கீழே அறுபட்ட கொடி மேலே அறுபடவில்லை. பச்சையாக, தேர்வடம் போல முறுக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற தாய்மரத்தின் உச்சி வரை பின்னிக் கிடந்தது. ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் உளுத்துப்போய், இழுத்ததும் நூலாக அறுந்திருக்கும். இப்போது அது அறவில்லை. தாய்வேங்கையும் கூடவே சாய்ந்து, மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வேரோடு விழுந்தது. ஐந்து ஊர் நாற்றுக்கும் விதை கொடுத்த மரம் அது.

சத்தம் கேட்டு ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். யாரும் ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் சடையப்பருக்குத் தேவலையாக இருந்திருக்கும். செம்பகவல்லி என்ற பெண் மட்டும் விழுந்த கிளையில் ஒரு காயைப் பறித்து, நகத்தால் கீறிப் பார்த்தாள்.

“இன்னும் முத்தலையே, சாமி,” என்றாள்.

நோயாளிகள் நனையக்கூடாது என்று, உத்திரத்தைச் செதுக்கிய பிறகு அதைச் சுமக்க அவளே தோள் கொடுத்தாள். மற்றவர்களும் கொடுத்தார்கள். உத்திரம் ஏறியது, கூரையும் வேய்ந்தாயிற்று.

கூரை வேலை முடிந்ததும் சடையப்பர் சாப்பிடப் போகவில்லை. உலகம்மையின் முன்னால் போய் நின்றார்.

“எனக்குத் தண்டனை கொடுங்கள், தாயே.”

“ஒழுங்கில் தண்டனை இல்லையே.”

“ஊரைக் கூட்டிச் சவுக்கால் அடிக்கச் சொல்லுங்கள். மடத்தைவிட்டுத் துரத்துங்கள். ஏதாவது செய்யுங்கள்.”

“அடித்தால்?”

“அத்தோடு தீர்ந்துவிடும்.”

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

வெளியே தூறல் போட ஆரம்பித்தது. முற்றத்தில் காயப்போட்டிருந்த மருந்து வேர்களை உலகம்மை முறத்தில் வாரிக்கொண்டு வந்தார்.

“மழை வந்துவிட்டது, சடையப்பரே. கூடத்துக்குள் போங்கள். இனி ஒழுகாது.”