அகரம் சுவரிலிருந்து இறங்கியது

திருப்பூரில் ஒரு மாடிவீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு சமயம் அகரம் குடியிருந்தது. பளபளப்பான எழுத்து சார்ட்டில் முதல் கட்டம் அதனுடையது. தம்பி தங்கைகள் ஆ முதல் ஔ வரை பின்னால் வரிசையாக நிற்க, கடைசிக் கட்டத்தில் ஃ தனியாக இருந்தது. தான்தான் மூத்தது என்று அகரத்துக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வீட்டுக் குழந்தை குழலிக்கு இன்னும் நான்கு வயது நிறையவில்லை. பள்ளியில் சேர்க்காமல் அம்மா வசுமதியே வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். காலை வேலை ஓய்ந்ததும் கரண்டியை எடுத்துக்கொண்டு சார்ட்டின் முன் வந்து நிற்பாள். கரண்டிக் காம்பு அகரத்தின் நெஞ்சில் வந்து முட்டும்.

"குழலி, இது என்ன?"

"அணில்."

"அணில் இல்ல சாமி, அதுக்குப் பக்கத்துல. இது என்ன?"

குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொள்ளும்.

ஒரு நாள், வேலைக்குக் கிளம்பிய அப்பா இளங்குமரன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "எங்க அக்கா பையன் ஃபோன்ல அ, ஆவெல்லாம் கடகடன்னு ஒப்பிக்கறான். இவ வயசுதான். பேசாம இவளையும் ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேத்துரலாமா வசு?"

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமுங்க."

வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். கதவைச் சாத்திவிட்டு வந்தவளுடைய கையிலிருந்த கரண்டிக்கும் அன்றைக்குக் கோபம் வந்திருந்தது. சுவரில் டக்கு டக்கென்று விழுந்தது. குழலி அழுதுகொண்டே கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். வசுமதியும் கரண்டியைப் போட்டுவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அகரத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"என்னைப் பார்த்து ஒரு குழந்தை அழுகிறதே!"

"பயந்த பிள்ளை அண்ணா, விடுங்கள்" என்றது ஆ.

"பயந்த பிள்ளையா? நேற்று அவள் பல்லியைத் துரத்திக்கொண்டு போனாளே!"

கடைசிக் கட்டத்திலிருந்து ஃ குரல் கொடுத்தது. "இங்கே நின்று புலம்பினால் தெரியுமா? இறங்கிப் போய்ப் பார்."

அகரம் மையைக் கட்டத்திலேயே விட்டுவிட்டு, ஓசைப்படாமல் சுவரிலிருந்து இறங்கியது.

சார்ட் வேளை முடிந்தால் குழலி வேறு பிள்ளை ஆகிவிடுவாள். அம்மாவோடு துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஓடினாள். ஒவ்வொரு கிளிப்பாக அழுத்தித் திறந்து, தன் ஜட்டியைத் தானே கொடியில் மாட்டினாள். அகரம் கொடியோரம் போய் ஒரு சிவப்பு கிளிப்பிடம் கேட்டது.

"உன்னிடம் மட்டும் எப்படி வருகிறாள்?"

"அதுதான் எனக்கும் புரியவில்லை" என்றது கிளிப். "போன வாரம் அவள் விரலைக் கடித்துவிட்டேன். அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, எப்படிக் கடித்தேன் என்று பார்க்க என் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்!"

அகரம் யோசித்தது. 'நான் கடித்ததுகூட இல்லையே!'

பிறகு குழலி ஒரு குவளையால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். பாதி செடிக்கு, பாதி தன் காலுக்கு. அகரம் குவளையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு கேட்டது.

"உன்னிடம் அப்படி என்னதான் இருக்கிறது?"

"ஒன்றுமே இல்லை" என்றது குவளை. "அதனால்தான் எதையாவது ஊற்றிப் பார்க்கிறாள்."

அகரத்துக்கு இதுவும் பிடிபடவில்லை. தன்னிடம்தான் எல்லாம் இருக்கிறதே! கருப்பு மை, பெரிய கட்டம், பக்கத்தில் அணில்.

மதியம் வசுமதி சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். காலையில் அழவைத்த வருத்தம் அவளுக்கு இன்னும் போகவில்லை. கேட்காமலேயே ஓர் உருண்டையைக் கிள்ளிக் குழலியிடம் கொடுத்தாள். அகரம் அதன் அருகில் போய் நின்றது.

"நீ யார்?" என்றது மாவு.

"எழுத்துகளுக்கெல்லாம் முதல் எழுத்து."

"சரி. உன்னைத் தொட்டால் எப்படி இருக்கும்?"

அகரம் திகைத்தது. "தெரியாது. என்னைக் காட்டித்தான் இருக்கிறார்கள். யாரும் கையால் தொட்டதில்லை."

"அப்படியானால் எனக்குள்ளே வா. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இழுப்பாள், நசுக்குவாள். இப்படி விறைப்பாக நிற்க முடியாது."

கோணிப்போனால் தம்பி தங்கைகள் என்ன சொல்லும்? அகரம் தயங்கியது. கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட விசும்பல் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மாவுக்குள் இறங்கியது.

குழலி உருட்டினாள். மாவு பாம்பாக நீண்டது. தலையைச் சுருட்டினாள். வயிற்றை வளைத்தாள். மிச்சமிருந்த வாலைப் பக்கத்தில் நேராக நிறுத்தி வைத்தாள். தலையைச் சாய்த்து இப்படியும் அப்படியும் பார்த்தாள். ஏதோ ஒன்று வந்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லை.

"அம்மா, இது என்ன?"

வசுமதியின் கை மாவிலேயே நின்றுவிட்டது. தினமும் தான் கேட்ட கேள்வி அது. இத்தனை நாளில் குழந்தை அதைக் கேட்டதே இல்லை. 'சொல்லு, திருப்பிச் சொல்லு' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அ" என்றாள், அவ்வளவுதான்.

குழலி அம்மாவின் வாயையே பார்த்தாள். தன் வாயைத் திறந்தாள். "அ... அட, வாயைத் தொறந்தாலே வருதும்மா!"

கோணல்மாணலாகக் கிடந்த அகரத்துக்குச் சிலிர்த்தது.

"இதைச் சுட்டுக் குடு" என்றாள் குழலி.

அகரம் கல்லில் ஏறியது, பொன்னிறமாகச் சிவந்தது, மேலே சர்க்கரை விழுந்தது. குழலி தலையிலிருந்து தொடங்கி வால் வரை மிச்சம் வைக்காமல் தின்று விரலையும் நக்கினாள். அகரம் இருட்டுக்குள் போயிற்று. பயமாக இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது.

சாயந்தரம் இளங்குமரன் வந்ததும் மூவரும் கடைவீதிக்குப் போனார்கள். வசுமதி நடந்ததை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் உடனே 'எங்கே, சொல்லு பார்க்கலாம்' என்று பிள்ளையை நிறுத்துவான். அவளுக்கு அது வேண்டாம்.

புதிதாகத் திறந்த ரொட்டிக்கடை முன்னால் குழலி சட்டென்று நின்றுவிட்டாள். மேலே பெரிய பலகையில் 'அடுமனை' என்று விளக்கு எரிந்தது.

"அப்பா! மத்தியானம் நான் தின்னது அங்க ஏறி நிக்குது!"

"எதும்மா?"

"அ!" என்று வாயைத் திறந்து காட்டினாள்.

இளங்குமரன் பலகையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். வசுமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். அவன் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். ஜூன் மாதத்தைப் பற்றி அவன் வாய் திறப்பதற்குள் குழலி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அதுக்குப் பக்கத்துல நிக்கிறது யாரு?"