பிரசாதக் குப்பை

முன்னொரு காலத்தில் குவளைநாட்டைக் கண்டீரவன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டான். ஒருமுறை சாப்பிட்ட மண்சட்டியில் மறுமுறை சாப்பிட்டால் ராஜ கௌரவம் போய்விடும் என்று யாரோ சொல்லிவைக்க, வேளைக்கு வேளை சட்டிகளை உடைக்கச் சொன்னான். அவனைப் பார்த்து அரண்மனையே அப்படிச் செய்தது. உடைந்த சட்டி, எச்சில் இலை, வாடிய மாலை எல்லாம் கிழக்கு வாசலுக்கு வெளியே மதில் உயரத்துக்குக் குவிந்துவிட்டன.

"நாற்றம் தாங்கவில்லை. குப்பை கொட்ட வேறு இடம் பாருங்கள்" என்று அரசன் சபையில் மூக்கைப் பிடித்தான்.

தாண்டவராயர் முந்திக்கொண்டார். அரண்மனைத் துப்புரவு அவர் பொறுப்பு. மந்திரி பதவியின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். "அரசே, கூடை முடைகிறவர்களின் தெருவைக் காலி செய்துவிட்டு அங்கே கொட்டலாம். தங்கள் கை பட்ட ஒவ்வொன்றும் பிரசாதம் அல்லவா? அதற்கு இடம் தர அவர்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!"

அரசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நாளைக்கே காலி செய்யுங்கள்!"

மந்திரி கூத்தபிரான் கூடைக்காரர்களை நினைத்துப் பார்த்தார். கைக்குழந்தைகளோடு அத்தனை குடும்பமும் எங்கே போகும்? குப்பையைக் குறைப்போம் என்று அவர் பலமுறை சொல்லிப் பார்த்தவர்தான். யார் காதில் வாங்கினார்கள்? இப்போது எதிர்த்துப் பேசினால் அரசன் இன்னும் முறுக்கிக்கொள்வான். அதனால் முகத்தில் பயபக்தியை வரவழைத்துக்கொண்டு எழுந்தார்.

"அரசே, எனக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. பிரசாதத்தையா இத்தனை நாளாக நாயும் கழுதையும் மிதிக்க விட்டோம்? அது அதன் மகிமை தெரிந்தவர் வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்! அப்படித் தெரிந்தவர் இந்தச் சபையில் தாண்டவராயர் ஒருவர்தான்."

"சரியாகச் சொன்னீர்! இனி எல்லாம் அவர் மாளிகைக்கே போகட்டும்" என்றான் அரசன்.

தான் சொன்னது பொய் என்று தாண்டவராயர் எந்த வாயால் சொல்வார்?

கூடைக்காரர்கள் தப்பினார்கள். வண்டி வண்டியாகக் குப்பை மாளிகைக்குப் போனது. தோட்டம் நிறைந்தது, கூடம் நிறைந்தது. மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். தாண்டவராயர் மந்திரியிடம் ஓடினார்.

"காப்பாற்றுங்கள், மந்திரியாரே!"

"இலை மாட்டுக்கு, பூ உரக்குழிக்கு. சட்டியை உடைக்காமல் கழுவி வைத்தால் போதும்."

"அதற்கு அரசர் சம்மதிக்க வேண்டுமே!"

"பிரசாதம் என்று சொன்னவர்தான் இல்லை என்றும் சொல்ல வேண்டும்" என்றார் கூத்தபிரான்.

மறுநாள் தாண்டவராயர் சபையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அரசே, அது பிரசாதம் இல்லை, வெறும் குப்பை! தங்கள் மனம் குளிரட்டும் என்று அப்படிச் சொல்லிவிட்டேன்."

அரசன் நேரே மாளிகைக்குப் போய்ப் பார்த்தான். எங்கு பார்த்தாலும் அவன் சாப்பிட்ட சட்டிகள். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு மந்திரியின் தந்திரம் புரிந்து, சிரித்துக்கொண்டே தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான்.

"மந்திரி பலமுறை சொன்னபடியே குப்பையைக் குறையுங்கள். தாண்டவராயரே, இனி அரண்மனையிலிருந்து ஒரு கூடை குப்பை வெளியே போனாலும் அது உமது வீட்டுக்குத்தான் வரும்!"

அன்றிலிருந்து தாண்டவராயர் முகஸ்துதியை மறந்தே போனார். அரசன் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்திலேயே நின்றுகொள்வார்.

"அரசே, அந்தக் கத்தரிக்காயை ஏன் ஒதுக்குகிறீர்கள்? சாப்பிட்டுவிட்டு எழுந்திருங்கள்!"

அரசனும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான்.