கொக்கு வாத்தியார் போட்ட முடிச்சு

கோரைக்குளத்தில் நெடுங்காலர் என்று ஒரு கொக்கு வாத்தியார் இருந்தார். குஞ்சுகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்தான். ஆடாமல் அசையாமல் நின்று மீன் பிடிக்க வேண்டும்.

எல்லாக் குஞ்சும் நின்றது. பஞ்சானால் மட்டும் முடியவில்லை. முட்டையை விட்டு வந்த நாள் முதல் அவனுக்கு இடது கால் வெடவெடவென்று ஆடும். நிறுத்தப் பார்த்தால் இன்னும் கூடும்.

“என்னடா, பாடம் நடத்துறப்ப கூத்தா கட்டுறே?” என்பார் வாத்தியார்.

“தானா ஆடுது சார்.”

“தானா ஆடுதாம்! எப்படி நிக்காம போகுதுன்னு நானும் பாக்குறேன்.”

ஒருநாள் ஒரு கொடியை எடுத்து அவன் காலைக் கோரையோடு சேர்த்துக் கட்டிவிட்டார். பாடம் முடிந்தது. மற்றக் குஞ்சுகள் பறந்தன. வாத்தியாருக்கு நல்ல பசி. பக்கத்து வயலில் தவளை கத்தியது. கட்டிய நினைப்பே இல்லாமல் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். குளம் மளமளவென்று ஏறியது. பஞ்சானுக்கு வயிறு நனைந்தது, கழுத்தும் நனைந்தது. அலகை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு கத்தினான். நல்லவேளை, ஓர் ஆமை நீந்திவந்து கொடியைக் கடித்து அறுத்தது.

மறுநாள் பஞ்சானின் அம்மா வெள்ளாயி குளத்துப் பறவைகளை எல்லாம் கூட்டிவிட்டாள். வாத்தியாருக்குப் பயம் வந்துவிட்டது. வேலை போனால் இந்த வயதில் தன்னை யார் மதிப்பார்கள்? சிரித்துச் சமாளித்துவிடலாம் என்று தண்ணீரில் இறங்கி நடுவில் வந்து நின்றார்.

“என் பிள்ளையை ஏன் கட்டினீங்க?” என்றாள் வெள்ளாயி.

“நான் எங்கம்மா கட்டினேன்? கொடி தானா சுத்திக்கிச்சு.”

சாட்சி சொல்ல வந்திருந்த ஆமை அறுந்த கொடியைத் தூக்கிக் காட்டியது. “சுத்தினது சரிங்க. மூணு முடிச்சும் அதுவே போட்டுக்கிச்சா? கொடிக்கும் கோரைக்கும் கல்யாணமா?”

பறவைகள் சிரித்தன. வாத்தியார் பேச்சை மாற்றினார்.

“சரி, கட்டினேன். அவன் நல்லதுக்குத்தான். எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்ணு. நிக்கணும்னா நிக்கணும். என்னைப் பாருங்க, எப்படி…”

சொல்லும்போதே காலை ஓர் உதறு உதறினார். மறுபடி உதறினார். அப்புறம் ஒரே குதி.

“என்னடா, கூத்தா கட்டுறே?” என்று பின்னாலிருந்து ஒரு குஞ்சு, அவர் குரலிலேயே கேட்டது.

“கால்ல அட்டை ஏறிடுச்சுடா!”

“ஆடுறதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு உங்களுக்கும் தெரியுது. என் பிள்ளைகிட்ட ஒருநாளாவது கேட்டீங்களா?” என்றாள் வெள்ளாயி.

வாத்தியார் அலகால் அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பறவைகள் கூடிப் பேசி முடிவு சொல்லின. இனி எந்தக் குஞ்சையும் கட்டக்கூடாது. தண்டித்தால் அன்றைக்கே அதன் வீட்டில் வந்து சொல்ல வேண்டும். மழைக்காலம் முடியும்வரை நாளுக்கு ஒரு தாய் முறைவைத்துப் பாடத்தில் நிற்பாள். பிடிக்காவிட்டால் வாத்தியார் வேறு குளம் பார்த்துக்கொள்ளலாம்.

வாத்தியார் ஒத்துக்கொண்டார். பஞ்சானிடம் போய்க் கழுத்தைத் தாழ்த்தினார்.

“தப்பு என்மேலதான்டா. உனக்குக் கால் எப்ப ரொம்ப ஆடும்?”

பஞ்சான் அம்மாவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்.

“நீங்க கத்துறப்ப சார்.”

பிள்ளையின் குறையைக் குற்றமாக்கித் தண்டிக்கிறவர், அந்தத் தண்டனைக்கு நாலு பேர் முன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.