லென்ஸில் பொறித்த சின்ன எண்

குருவுக்கு முப்பத்தி நாலு வயது. சீடருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி.

குரு பிரிசில்லா, கடலோர ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியன். சீடர் அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் வைகுண்டம். பிரிசில்லா லீவில் இருந்த ஒரு நாள், காய்ச்சலோடு வந்த ஒருவரின் ரத்தத்தை டாக்டர் தானே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் அந்த மனிதரை நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் டாக்டருக்குத்தான் அதன்பிறகு தூக்கம் சரியில்லை. மறுவாரமே வெட்கத்தை விட்டு லேபுக்கு வந்து, "டீச்சர், எனக்குக் கத்துக்குடுங்க" என்று நின்றார்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். முதலில் சீடர் ஸ்லைடைப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைப்பார். அப்புறம் குரு பார்த்து இன்னொரு சீட்டில் எழுதுவார். இரண்டையும் ஒன்றாகப் பிரிப்பார்கள்.

அன்று காலை வார்டில் முத்துப்பேச்சி என்கிற உப்பளத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். பிரிசில்லா அவள் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் வந்தார்.

"என்னம்மா செய்யுது?"

"செவ்வாக்கிழமை பாத்தியில நல்லாத்தான் நின்னேன் சார். புதன்கிழமை கங்காணி ஆள் விட்டாரு, எந்திரிக்க முடியல. வியாழக்கிழமை போயி நின்னேன். நேத்துப் படுத்துட்டேன். ஒருநா வாரா, ஒருநா வரமாட்டேங்கா, இவ நடிக்கான்னு கங்காணி எல்லார் முன்னாடியும்..."

"அதெல்லாம் வேண்டாம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இப்பக் காய்ச்சல் இருக்கா?"

"இப்ப இல்ல சார்."

"குளிர்?"

"இப்ப இல்ல."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்லைடையும் பார்த்தார். பார்த்துவிட்டு, சீட்டு பிரிக்கும்வரை காத்திருக்காமல், அவளைப் போகச் சொல்லிவிட்டார். காய்ச்சலே இல்லையே என்ற தைரியம். முத்துப்பேச்சி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். பன்னிரண்டரைக்கு அவள் ஊர் பஸ்.

பன்னிரண்டுக்குச் சீட்டுகளைப் பிரித்தார்கள். சீடர் சீட்டில், "மலேரியா இல்லை." குரு சீட்டில், "இருக்கிறது."

டாக்டர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அதே ஸ்லைடு, அதே மைக்ராஸ்கோப். எனக்கு மட்டும் ஏன் தெரியல டீச்சர்?"

"எந்த லென்ஸ்ல பாத்தீங்க?"

"நாப்பதுல. நூறுன்னா எண்ணெய் வைக்கணும், ஸ்லைடை ஒட்டி இறக்கணும். அன்னைக்கு ஒண்ணை உடைச்சேனே, அதுலேர்ந்து பயம். அதுக்குப் பதிலா போன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் பாத்தேன்."

"பெருசாச்சா?"

"ஆச்சு."

"புதுசா ஏதாவது தெரிஞ்சுதா?"

டாக்டர் யோசித்தார். "இல்ல."

பிரிசில்லா நூறு லென்ஸைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "என்ன எழுதியிருக்கு?"

"நூறு."

"பக்கத்துல, சின்னதா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஒண்ணே கால்."

"நாப்பதுல அந்த எண் பாதியளவுதான். நூறுங்கிறது எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்ங்கிறது. சின்ன எண், எவ்வளவு சாய்வா வர்ற வெளிச்சத்தையும் இந்த லென்ஸ் ஏத்துக்கும்ங்கிறது. நியூமரிக்கல் அபர்ச்சர்னு புத்தகத்துல படிச்சிருப்பீங்க."

"பரீட்சைக்குப் படிச்சேன்."

"நேரா வர்ற வெளிச்சம் எந்த லென்ஸுக்கும் கிடைக்கும் டாக்டர். நுணுக்கமான சங்கதியெல்லாம் சாய்ஞ்சு வர்றதுலதான் இருக்கு."

லென்ஸை மாட்டி, ஸ்லைடின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள்.

"இது எதுக்கு?"

"காத்து இருந்தா சாய்ஞ்சு வர்ற வெளிச்சம் இன்னும் சாய்ஞ்சு வெளியே போயிடும். எண்ணெய் அதை லென்ஸுக்குள்ள கூட்டிட்டு வரும். இறக்குங்க. இன்னும் கிட்ட. உடைஞ்சா உடையட்டும், நான் இருக்கேன்."

அவர் மெல்ல இறக்கினார். லென்ஸ் எண்ணெயைத் தொட்டது. உடையவில்லை.

மேடைக்குக் கீழே, வெளிச்சம் வரும் துவாரத்தைச் சுருக்கும் குமிழ் ஒன்று உண்டு. டாக்டர் அதை முக்கால்வாசி மூடி வைத்திருந்தார்.

"கண்ணு கூசுது. மூடினாக் கோடெல்லாம் பளிச்சுன்னு தெரியுதே."

"கோடு தெரியும். கோட்டுக்குள்ள இருக்கிறது தெரியாது." அவள் அதைத் திறந்தாள்.

"ஐயோ, படமே வெளுத்துப்போச்சு."

"வெளுக்கட்டும். அவசரப்படாமப் பாருங்க."

வெகுநேரம் பார்த்தார். ஒரு சிவப்பணு மற்றவற்றைவிட உப்பியிருந்தது. உள்ளே மெல்லிய மோதிரம்போல் மலேரியாக் கிருமி ஒன்று, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள்.

டாக்டர் எழுந்து, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். பியூனை அனுப்பியிருக்கலாம். அவருக்கு மனசு கேட்கவில்லை.

பஸ் வந்து நின்றிருந்தது. முத்துப்பேச்சி ஏறிவிட்டாள். அவர் ஜன்னலருகே நின்று மூச்சு வாங்கினார்.

"இறங்குங்கம்மா. உங்களுக்கு மலேரியா இருக்கு. மாத்திரை சாப்பிட்டாச் சரியாப்போகும். தப்பு என்னோடதுதான்."

அவள் பயப்படவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நான் நடிக்கல, இல்ல சார்?"

"இல்லம்மா."

"அதை ஒரு தாள்ல எழுதித் தாங்க. கங்காணிகிட்டக் காட்டணும்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் டாக்டர் மறுபடி லேபுக்கு வந்தார். முதல் மாத்திரை கொடுத்தாயிற்று, தாளும் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனாலும் ஸ்டூலில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான் எனக்கு ஆறல டீச்சர். லென்ஸ் தப்பு, குமிழ் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வருதுன்னு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் விட்டிருப்பேனா?"

பிரிசில்லா லென்ஸில் ஒட்டியிருந்த எண்ணெயை மெல்லிய தாளால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"சொன்னாங்க டாக்டர். நேரா சொல்லல."