ஒரு மூச்சுக்கு ஒரு கிழங்கு

மூங்கில் காட்டின் நடுவே ஓர் அல்லிக்குளம் இருந்தது. அந்தக் குளத்தில் ஒரு நீர்நாய் வாழ்ந்தது. அது மகா புத்திசாலி. அதைப் போல உழைப்பாளி அந்தக் காட்டிலேயே கிடையாது.

இதையெல்லாம் சொன்னது வேறு யாருமில்லை, அந்த நீர்நாயேதான். அந்த நீர்நாய் நான்தான். என் பெயர் வீரபாகு.

எங்கள் வளை குளத்தின் வடகரையில் இருந்தது. உள்ளே என் மனைவி வேலாயியும், இன்னும் கண் திறக்காத மூன்று குட்டிகளும். கோடை முடிகிற சமயத்தில் யானைக்கூட்டம் அந்த வடகரை வழியாகத்தான் குளத்துக்கு இறங்கும். போன வருஷம் இறங்கியபோது எங்கள் வளை இடிந்து விழுந்தது. மண்ணுக்கடியிலிருந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இழுத்தோம். ஒன்று மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

தென்கரைக்குக் குடி போகலாம் என்றால் அது முழுக்கப் பாறை. தோண்டினால் நகம்தான் தேயும்.

"இந்த வருஷம் எதாவது செய்யுங்க. இன்னொரு குட்டியை மண்ணுக்குக் கொடுக்க என்னால ஆகாது" என்றாள் வேலாயி.

உடனே கிளம்பினேன். யானைக்கூட்டத்தின் தலைவி பெரியநாச்சியைத் தேடிப் போய் அவள் முன்னால் நின்றேன். பேசினேன், பேசினேன், அவள் காது ஆடுவதை நிறுத்தும்வரை பேசினேன்.

"போதும் தம்பி!" என்றாள் பெரியநாச்சி. "நாங்க அந்தக் குளத்துக்கு வர்றதே அல்லிக்கிழங்குக்காகத்தான். அதை நீ தோண்டி வெச்சிட்டா நாங்க எதுக்கு வடகரையில இறங்கப் போறோம்? தென்கரையில படுத்தாப்புல ஒரு பாறை இருக்கில்ல? அது உயரத்துக்குக் கிழங்கைக் குவிச்சு வை. அந்தப் பக்கமா வந்து தின்னுட்டுப் போயிடறோம். வருஷா வருஷம் இதே ஏற்பாடு!"

"எந்த நாளுக்குள்ள அம்மா?"

"இன்னும் ரெண்டு பௌர்ணமி இருக்கு. ரெண்டாவது பௌர்ணமி அன்னைக்கு வருவோம்."

"ரெண்டு பௌர்ணமியா? எனக்கு ஒண்ணே போதும்!" என்றேன். இந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடிந்தால் எத்தனை மீன் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை. யானைக்குக் கிழங்கு கொடுத்தால் நாளைக்குக் காட்டுப்பன்றி கேட்கும், அப்புறம் கரடி கேட்கும். காடு முழுக்கக் கிழங்கு வியாபாரம்! வந்ததும் வராததுமாகக் கம்பெனி ஆரம்பித்தேன். குப்பாண்டித் தவளையை மேனேஜராகப் போட்டேன். அவனிடம் ஒரு நல்ல குணம், நான் எதைச் சொன்னாலும் "ஆஹா! பிரமாதம் அண்ணாச்சி!" என்பான். கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்?

முதல் கூட்டம், கம்பெனிக்கு என்ன பெயர் வைப்பது என்பதைப் பற்றி. நான்கு நாள் விவாதித்தோம். கடைசியில் என் பெயரையே வைக்கலாம் என்றான் குப்பாண்டி. நான் மறுத்தேன். ஒரே ஒருமுறைதான் மறுத்தேன்.

அடுத்த ஐந்து நாள், ஈரமண்ணில் திட்டம் வரைந்தேன். எந்த மூலையில் தோண்டுவது, எந்த வழியாகக் கொண்டுவருவது, எந்தக் கிழங்கை அடியில் வைப்பது, எல்லாம் அதில் இருந்தது. இரண்டு மடையான் கொக்குகள் அதன்மேல் நடந்துபோய்விட்டன. கோபப்படாமல் முன்னைவிட அழகாக மறுபடியும் வரைந்தேன். அன்று இரவு மழை தூறியது. மூன்றாவது தடவை ஓரத்தில் பூ வேலையும் சேர்த்தேன்.

இத்தனை கூட்டத்துக்கும் வராத ஒரே ஆள் அங்காயி ஆமை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. கிழங்கு எடுக்க நான் முதலில் கேட்டது அவளைத்தான். "சரி" என்று மட்டும் சொன்னாள். அதோடு பேச்சு முடிந்தது.

ஒருநாள் அவள் என்னதான் செய்கிறாள் என்று மேற்பார்வை பார்க்கப் போனேன். குளத்தில் சாய்ந்து கிடந்த மருதமரத்தின் மேல் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது.

"வேலை நேரத்தில் தூக்கமா!" என்று கத்தினேன்.

"தூக்கமா!" என்று பின்னாலிருந்து குப்பாண்டியும் கத்தினான்.

அங்காயி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "ஆறு தடவை முங்கினேன் மொதலாளி. ஆறு கிழங்கு எடுத்தேன். இப்போ மூச்சு வாங்கறேன். அப்புறம் மறுபடியும் ஆறு."

"யானை வரப்போகுது! காலையிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணிக்குள்ளேயே கிடந்து உழைக்க வேண்டாமா? உனக்கு அக்கறையே இல்ல! நாளையிலிருந்து நீ வரவேண்டாம்!"

"சரி" என்றாள் அங்காயி. மறுபடியும் பேச்சு முடிந்தது. சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

எப்படி உழைப்பது என்று உலகத்துக்குக் காட்ட மறுநாள் நானே குளத்தில் குதித்தேன். ஒரு கிழங்கைப் பறிக்கத் தொடங்கினேன். அது பாதி அசைந்தபோது பக்கத்தில் அதைவிடப் பெரிய கிழங்கு தெரிந்தது. முதலாவதை விட்டுவிட்டு அதைத் தோண்டினேன். அப்போது ஒரு கெண்டை மீன் மூக்கை உரசிக்கொண்டு போனது. அதைத் துரத்தினேன். மூச்சு முட்டியது. மேலே வந்தேன். கையில் கிழங்கும் இல்லை, கெண்டையும் இல்லை.

மேலே வந்ததும், இன்னும் எவ்வளவு பாக்கி என்று பாறையைப் பார்த்தேன். குப்பாண்டியைக் கூப்பிட்டு அதைப் பற்றி ஒரு சின்னக் கூட்டம் போட்டேன். மறுபடியும் குதித்தேன். இப்படியே பொழுது சாய்ந்தது. கண் சிவந்து, கை மரத்து, தலை கிறுகிறுத்து வந்து விழுந்தேன். அன்றைக்குச் சேர்ந்தவை மொத்தம் நான்கு கிழங்குகள். பசியில் இரண்டை நானே தின்றுவிட்டேன்.

"அண்ணாச்சி மாதிரி உழைக்க யாரால முடியும்!" என்றான் குப்பாண்டி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் பௌர்ணமி போயிற்று. வேலாயி என் குவியலைப் பார்க்க வந்தாள். சுற்றி வந்து பார்த்தாள். ஒரே எட்டில் சுற்றி வந்துவிட்டாள்.

"இது குவிச்சு வெச்சதா, தின்னுட்டு மிச்சம் வெச்சதாங்க?"

"நான் எவ்வளவு களைச்சுப் போயிருக்கேன்னு தெரியலையா உனக்கு?"

"தெரியுது. யானைகிட்ட அந்தக் களைப்பையா எடுத்துக் காட்டப் போறீங்க?"

மறுபடியும் குளத்தில் குதித்தேன். எனக்கு நேரமில்லை, அவ்வளவு வேலை!

இன்னும் சில வாரம் அப்படியே ஓடியது. ஒருநாள் மத்தியானம் தலை தூக்கினேன். வெயிலோடு வெயிலாக வானத்தில் அரை நிலா தெரிந்தது. அது முழு நிலாவாக எட்டே நாள். வளையிலிருந்து குட்டிகள் கீச்சிடும் சத்தம் கேட்டது. கண் திறந்துவிட்டன, ஆனால் இன்னும் ஓடத் தெரியாது. முதன்முதலாகப் பயந்தேன், உண்மையாகப் பயந்தேன்.

பயத்தில் மூளை வேலை செய்யாது. என் மூளை அதற்கு முன்பும் செய்ததாகச் சொல்ல முடியாது. இனி ஓய்வே கிடையாது என்று குதித்தேன். மூச்சு வாங்காமல் முங்கினேன், முங்கியபடியே அழுதேன். எத்தனையாவது தடவையோ, கண் இருட்டிவிட்டது.

விழித்தபோது மருதமரத்தின் மேல் கிடந்தேன். பிடரியில் யாரோ கவ்விய வலி. பக்கத்தில் அங்காயி உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவா, மொதலாளி. முழுங்கின தண்ணியெல்லாம் வெளியே வரட்டும்."

தலையைத் திருப்பினேன். அந்த மரத்திலிருந்து பார்த்தால் பாறையின் மறுபக்கம் தெரியும். அங்கே கிழங்குகள் குவிந்திருந்தன. பாறையில் முக்கால் உயரம்!

"யாரு... யாரு செஞ்சது?"

"நான்தான்."

"எப்போ?"

"நீங்க கூட்டம் போட்டப்போ."

என் குவியலிலிருந்து பத்தடி தள்ளி இத்தனை நாளாக ஒரு மலை வளர்ந்திருக்கிறது. மறுபக்கம் போய் எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. மேற்பார்வை பார்த்த லட்சணம் அப்படி.

"உன்னை வரவேண்டாம்னு சொன்னேனே. அப்புறமும் எனக்காகவா செஞ்சே?" என்று கேட்டேன்.

"உங்களுக்காகவா! என் முட்டை இருபதும் அந்த வடகரை மணல்லதான் இருக்கு. அதுங்களுக்கு நடக்கத் தெரியாது. உங்க கம்பெனி பேரும் தெரியாது."

நான் வாயை மூடிக்கொண்டேன். அதிலேயே எனக்குப் பாதி பாடம் கிடைத்துவிட்டது.

மீதிப் பாதியை அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வித்தை ஒன்றுமில்லை. ஒரு மூச்சுக்கு ஒரு கிழங்கு. தண்ணீருக்குள் போனால் அந்த ஒரு கிழங்கைத் தவிர வேறு எதுவும் உலகத்தில் இல்லை. அதை எடுக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது. மேலே வந்ததும் குவியலில் வைத்துவிட்டு, இன்னும் எவ்வளவு பாக்கி என்று பார்க்காமல் திரும்பிவிட வேண்டும். ஆறு முடிந்ததும் மரத்தில் ஏறிப் படுக்க வேண்டும். படுத்தால் வேலையைப் பற்றி நினைக்கக் கூடாது.

"பாக்கியைப் பார்த்தா என்ன?" என்று கேட்டேன்.

"பார்த்திருக்கீங்களே. என்ன ஆச்சு?"

முதல் மூச்சில் முங்கினேன். அதே கெண்டை மீன் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் மூக்குக்கு எதிரிலேயே நின்று வாலை ஆட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிழங்கைப் பிடுங்கினேன். மேலே வந்து அதைக் குவியலில் வைத்தேன். ஒரே ஒரு கிழங்கு! ஆனாலும் கம்பெனி ஆரம்பித்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

என் குவியலைக் கொண்டுபோய் அவள் குவியலில் சேர்த்தேன். அது சேர்ந்ததே தெரியவில்லை. குப்பாண்டிக்கும் உருப்படியாக ஒரு வேலை கிடைத்தது. நாங்கள் படுத்த பிறகு மரத்தின் நிழல் நகர்ந்து அடுத்த அல்லி இலையைத் தொடும்போது அவன் கத்தி எங்களை எழுப்ப வேண்டும். அந்த வாய்க்கு அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

நாள் போனதே தெரியவில்லை. பௌர்ணமியன்று காலை தரை அதிர்ந்தது. யானைகள் மேட்டில் வந்து நின்றன. வழி அங்கேதான் இரண்டாகப் பிரியும். பெரியநாச்சி பாறையைப் பார்த்தாள்.

"குவியல் பாறை உசரத்துக்கு வரலையே தம்பி!"

திரும்பிப் பார்த்தேன். ஒரு சாண் குறைந்தது. அதற்குள் ஒரு குட்டியானை வடகரைப் பக்கம் காலை எடுத்து வைத்துவிட்டது. வளைவாசலில் வேலாயி மூன்று குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

இதற்காகவே நான் ஒரு பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தேன். உருக்கமான பேச்சு. தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கினேன்.

"பேசப் போறீங்களா, முங்கப் போறீங்களா?" என்றாள் அங்காயி. சொல்லிவிட்டு அவள் முங்கிவிட்டாள்.

நானும் முங்கினேன். உள்ளே யானையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. சேற்றுக்குள் ஒரே ஒரு கிழங்கு இருந்தது. எடுத்தேன். வைத்தேன். திரும்பினேன். இன்னொன்று எடுத்தேன். அங்காயி ஒன்று வைத்தாள். நான் ஒன்று வைத்தேன். கடைசிக் கிழங்கை வாயில் கவ்விக்கொண்டு குவியல் மேல் ஏறியபோது, மேட்டிலிருந்து தனியாக இறங்கி வந்திருந்த பெரியநாச்சியின் தும்பிக்கை என் தலைக்கு நேரே தொங்கியது.

"அன்னைக்கு அவ்வளவு பேசினியே தம்பி! இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"ம்ம்" என்றேன். வாயில் கிழங்கு இருந்தது.

அதை உச்சியில் வைத்தேன். பாறையும் குவியலும் ஒரே உயரம். பெரியநாச்சி சிரித்துவிட்டாள். ஒரு பிளிறல்தான், கூட்டம் முழுவதும் தென்கரைக்குத் திரும்பியது. குட்டியானையும் காலை எடுத்துக்கொண்டு ஓடியது.

வேலாயி குட்டிகளை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். "மூணும் இருக்குங்க. மூணும் இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இருவரும் அழுதோம். ஒன்பதாம் நாள் அங்காயியின் குஞ்சுகள் வடகரை மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வந்தன. இருபதும் வந்தன.

கரடி ஆள் அனுப்பியிருக்கிறது, அதற்கும் கிழங்கு வேண்டுமாம். "கம்பெனிக்கு ஒரு வெற்றி விழா எடுக்கணும் அண்ணாச்சி! அதுக்கு முதல்ல ஒரு கூட்டம்..." என்று ஆரம்பித்தான் குப்பாண்டி. விழாவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நானும் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். வேலாயி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் முங்கிவிட்டேன்.

எவ்வளவு பெரிய காரியமானாலும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பேசுவதால் முடியாது. ஒரு மூச்சு நேரம் ஒரே வேலையில் மூழ்கி, எழுந்து இளைப்பாறி, மறுபடியும் மூழ்குகிறவருக்கே அது முடியும்.