பிரகாசிக்குக் கொண்டுவந்த நீலம்

ஆண்டவர் ஆவாரங்காட்டுக்காரர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மழை கொடுத்தார், மாதா கோயில் கொடுத்தார், புத்தியும் கொடுத்தார். புத்தியை மட்டும் தெருக்குழாய் மாதிரி ஊருக்கே பொதுவாக ஒன்று கொடுத்துவிட்டார். அன்றன்றைக்கு அது யார் வீட்டு முறை என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

அந்த ஊரிலிருந்து மூன்று பேர் ரோமாபுரிக்குத் திருயாத்திரை போனார்கள். கோயில் கமிட்டித் தலைவர் சந்தியாகு, பந்தல் போடுகிற தொம்மை, தையல்காரி வியாகுலம். நான்காவதாகப் போகவேண்டியவள் சந்தியாகுவின் மனைவி பிரகாசி. அவள் அடுப்படியில் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. தேதியெல்லாம் கிழிந்துபோய்ப் பல வருசம் ஆகிறது, படத்துக்காக வைத்திருக்கிறாள். இத்தாலி தேசத்தில் ஏதோ ஒரு சின்னத் தீவு, அங்கே கடலுக்குள் ஒரு குகை, குகைக்குள் தண்ணீர் அப்படி ஒரு நீலம். கஞ்சி பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். யாத்திரையில் அந்தத் தீவும் உண்டு என்று கேள்விப்பட்டதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிளம்புகிற வாரம் பார்த்துத் துவைக்கிற கல்லில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள்.

மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு புருசனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வாங்கியார வேண்டாம். அந்த நீலம் நெசமா, இல்ல காலண்டர்க்காரன் பூசுனதா? பாத்துட்டு வந்து சொல்லுங்க. அது தெரிஞ்சா போதும் எனக்கு."

சந்தியாகு செபமாலையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தார்.

ரோமாபுரியில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது, ஏனென்றால் அங்கே யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. தீவுக்குப் போகிற கப்பலில்தான் வழிகாட்டி ஜெரோம் வாயைத் திறந்தார். தூத்துக்குடிப் பிள்ளை, பொறுமைசாலி. ஒரு பச்சைக் குடையை உயர்த்திக் காட்டி, கூட்டம் ஜாஸ்தி, என்ன நடந்தாலும் இந்தக் குடையை விட்டுப் பிரியாதீர்கள் என்றார்.

தீவு வந்தது. இறங்குகிற அவசரத்தில் ஜெரோம் குடையைப் பெஞ்சியிலேயே மறந்துவிட்டு, மற்ற யாத்திரிகர்களோடு இறங்கிப் போனார்.

"தம்பி போறாரே அண்ணே," என்றாள் வியாகுலம்.

"போகட்டும். குடை போகலியே," என்றார் சந்தியாகு.

கப்பல் வந்த வழியே திரும்பிப் போனது. குடையோடு இவர்களும் போனார்கள். மறுபடி தீவுக்கு வந்தது, வந்தார்கள். மற்றவர்களைக் குகை பார்க்க அனுப்பிவிட்டு, துறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார் ஜெரோம். குடையை விட்டு நீங்கள் இப்படிப் பிரிந்து போகலாமா தம்பி என்று தொம்மை அவரை அன்பாகக் கண்டித்தார். அதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. குகைக்குக் கடைசிப் படகு மட்டும் நின்றது. விடிந்தால் ஊருக்கு விமானம்.

ஜெரோம் பாவம், இந்தத் தடவை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். குகை வாசல் ரொம்பத் தாழ்வு. வாசல் வந்ததும் படகுக்காரர் கை காட்டுவார், உடனே படகுக்குள் குப்புறப் படுத்துவிட வேண்டும், தலையைத் தூக்கினால் பாறை மண்டையைப் பிளந்துவிடும். உள்ளே பாறையில் ஒரு மாதா சொரூபம் இருக்கிறது, கும்பிட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவும் சொன்னவர், எப்போது எழுந்திருப்பது என்பதைச் சொல்லவில்லை. அதையெல்லாமா சொல்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் ஆவாரங்காட்டில் பிறக்கவில்லை.

குகை வாசல் வந்தது.

"மாதா இருக்குற எடத்துக்குள்ள செருப்போடயா போறது?" என்றாள் வியாகுலம்.

நியாயம்தானே. மூவரும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்கள். வாசல் என்பது கடல். மூன்று சோடியையும் வரிசையாக வைத்தார்கள். அவை வரிசையாகவே கிளம்பிப் போயின. வெள்ளை மீசைக்காரக் கிழவரான படகுக்காரர் அதைப் பார்த்து அவர் பாஷையில் ஏதோ சொன்னார். திரும்பி வரும்வரை செருப்புக்குத் தாம் பொறுப்பு என்கிறார் என்று தொம்மை மற்றவர்களுக்கு விளக்கினார்.

கிழவர் கை காட்டினார். படுத்தார்கள். பின்னாலேயே வந்த அலை ஒன்று ஒரு வாளித் தண்ணீரைப் படகுக்குள் ஊற்றி அவர்களை உள்ளே தள்ளிவிட்டது. துடுப்பை நிறுத்திவிட்டுக் கிழவர் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். தொம்மை இன்னும் எச்சரிக்கையாக மூக்கைப் பலகையில் அழுத்திக்கொண்டார்.

கிழவர் காலமெல்லாம் அங்கே படகு ஓட்டுகிறவர். உள்ளே வந்ததும் கூச்சல் போட்டுப் படமெடுக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார். செருப்பைக் கடலில் விட்டுவிட்டு, மாதாவுக்கு முன்னால் முகம் தரையில் பட விழுந்து கிடக்கிற சனங்களை இப்போதுதான் பார்க்கிறார். தொப்பியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெதுவாக ஒரு மாதா பாட்டும் பாடினார். சுற்றிலும் நீலம் தன்பாட்டுக்கு நீலமாக இருந்தது.

துறைக்கு வந்த பிறகு, அங்கே காத்திருந்த ஜெரோம்தான் எழுப்பினார். எப்படி இருந்தது என்று கேட்டார்.

"பலகை நல்ல பலகை," என்றார் தொம்மை. "ஆணிதான் ரெண்டு துரு ஏறிப்போச்சு."

சிரித்தபடி எழுந்த சந்தியாகுவுக்கு அப்போதுதான் பிரகாசி ஞாபகம் வந்தது. முகம் செத்துப்போயிற்று. இவ்வளவு தூரம் வந்து, அதற்குள்ளேயே போய், ஒன்றையும் பார்க்கவில்லை. இன்னொரு தடவை கூட்டிப் போகச் சொல்லி ஜெரோமின் கையைப் பிடித்துக்கொண்டார். காற்று ஏறிவிட்டது, குகையை அடைத்தாயிற்று. வேண்டுமானால் ஃபோனில் படம் காட்டுகிறேன் ஐயா என்றார் ஜெரோம்.

"படம் அவகிட்டயே இருக்கு தம்பி. அந்தப் படம் நெசமான்னுதான் கேட்டா."

தொம்மைதான் படகுக்குள் எட்டிப் பார்த்து, குகைத் தண்ணீர் இங்கேயே கிடக்கிறதே, இதைக் கொண்டுபோனால் அவளே பார்த்துக்கொள்வாள் என்றார். தீர்த்தம் பிடிக்க ரோமாபுரியில் வாங்கிய மாதா உருவ பிளாஸ்டிக் பாட்டில் வியாகுலத்திடம் இருந்தது. அதில் மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். தண்ணீர், தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"சிந்தியிருக்குமோ?" என்றார் சந்தியாகு.

"நீலம் மட்டும் எப்படிண்ணே சிந்தும்? என் சேலையில இறங்கியிருக்கும்," என்று வியாகுலம் நனைந்த மஞ்சள் சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளாகவே இருந்தது.

"வெயில்," என்றார் தொம்மை. "திருவிழாப் பந்தல்ல நீலத்துணி கட்டுனா என்னாவுது? நாலு நாள்ல வெளுத்துடுது. குகைக்குள்ள வெயில் இல்ல, சாயம் நிக்குது. இங்க வெயில் பட்டுச்சு, ஓடி ஒளிஞ்சுக்கிச்சு. இருட்டுல வெச்சா தானா வரும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு தொம்மை. இது பிரகாசி காரியம்."

"பந்தல்காரன் சொல்றேன் தலைவரே."

அன்றைக்குப் புத்தி தொம்மை வீட்டு முறை என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஜெரோம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குடை ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

பாட்டிலைக் கறுப்புச் சால்வையில் சுற்றிப் பெட்டிக்கு நடுவில் வைத்தார்கள். ஊர் வந்து சேரும்வரை ஒருவரும் பிரிக்கவில்லை.

பட்டப்பகலில் பிரகாசியின் வீட்டுக் கதவு சன்னலெல்லாம் சாத்தினார்கள். ஓட்டு இடுக்கில் சாக்குத் திணித்தார்கள். திருஇருதயப் படத்துச் சிவப்பு பல்பைக்கூட, ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அணைத்தார்கள். தன் கை தனக்குத் தெரியாத இருட்டில் சந்தியாகு, தாம் அங்கே பார்க்கத் தவறியதை மறைக்காமல் சொல்லி, பாட்டிலை மனைவி கையில் தடவிக் கொடுத்தார். அவள் அதை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள். பாட்டிலுக்குள் தண்ணீர் அசைகிற சத்தம் கேட்டது.

"என்ன பிரகாசி? நெசமா, பூசுனதா?"

"நெசந்தாங்க," என்றாள் பிரகாசி. "காலண்டர்க்காரன்தான் கொஞ்சம் வெளுப்பா அடிச்சுட்டான்."

சந்தியாகுவும் ஆசையாகக் குனிந்து பார்த்தார். தொம்மை பார்த்தார். கடைசியாகப் பார்த்த வியாகுலம், முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"போதும், மூடுங்கண்ணே. கண்ணு கூசுது."